எண்ணும் அலகும்

பிறந்த குழந்தையைத் தாயின் மடியிற் சேர்த்த சின்னேரத்துக்குள் அதனைத் தராசிலிட்டு நிறுத்தல் இக்காலத்து மருத்துவமனை வழக்கு. அன்று நம்மைப் பற்றிய அளவை வாழ்நாள் முழுதும் நம்மை விட்டு நீங்குவதில்லை. உடுக்கும் ஆடை மீட்டரிலும், உண்ணும் அரிசி கிலோகிராமிலும், பருகும் பால் லிட்டரிலும் அளந்தே நம் இல்லத்துள் வருகின்றன. இங்ஙனம் நாள்தோறும் கையாளும் இவ்வலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் முறையை ஐயமறக் கூறவல்லார் நம்மிற் சிலரே. அம்முறையை இயன்றவரை எளிதாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

“தமிழ் கற்கும் மாணாக்கனுக்கு அளவையைப் பற்றி எழுத என்ன உரிமை?” எனக் கணித வகுப்பு நண்பர் நகைக்கக்கூடும். அளவைக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பழையது. அளவுப் பெயரும் நிறைப் பெயரும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துக்களையே முதலாகக் கொண்டு வரும் என்பது தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வகுத்த விதி. கலம், நாழி, உழக்கு முதலியன அவ்விதிக்குள் அடங்குவன. பிற்காலத்தே மேனாட்டிலிருந்து வந்த கிராம் என்பதும் அதனுள் அடங்கிவிட்டது. லிட்டர் ஒன்றே தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாத லகரத்தைச் சுமந்துகொண்டு வாயிற்புறத்தே நிற்கின்றது!

ஆயினும், யான் இதனை எழுதத் துணிந்தமைக்கு இலக்கணம் காரணமன்று. ஓர் இரவு நிகழ்ந்த நிகழ்ச்சியே காரணம். சென்ற விடுமுறையில் என் அக்காளின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் வேளைக்கு 125 மில்லிகிராம் மருந்து கொடுக்குமாறு குறித்திருந்தார். புதிதாக வாங்கிவந்த புட்டியின்மேல், 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் மருந்து உண்டு என்று அச்சிட்டிருந்தது. எத்தனை மில்லிலிட்டர் கொடுத்தல் வேண்டும் என்று கணக்கிடும் பொறுப்பு, கல்லூரியிற் கற்பவன் என்னும் பெருமையால் எனக்கு வந்தது. தூக்கக் கலக்கத்தில் யான் கூறிய விடை, “25 மில்லிலிட்டர்” என்பது. என் அன்னையார் சிறிது திகைத்து, “தம்பி, நேற்று அரைத் தேக்கரண்டிதானே கொடுத்தோம்? இன்று ஐந்து கரண்டியா?” என்றார். மீண்டும் எழுதிப் பார்த்தேன். 5 மில்லிலிட்டரில் 250 எனின், ஒரு மில்லிலிட்டரில் 50. ஆதலின் 125 மில்லிகிராமுக்கு வேண்டுவது 2.5 மில்லிலிட்டரே. யான் தவறவிட்டது ஒரு புள்ளி. அப்புள்ளியின் விலை பத்து மடங்கு மருந்து. அன்றிரவு குழந்தை உறங்கிற்று; யான் உறங்கவில்லை.

மெட்ரிக் முறை தோன்றிய காரணத்தை முதற்கண் அறிதல் நன்று. நம் நாட்டுப் பழைய முகத்தலளவையை நோக்குக. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஒரு கலத்தில் எத்தனை ஆழாக்கு என்று வினவின், இவ்வெண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கியே 768 என விடை கூறல் வேண்டும். படிதோறும் பெருக்கும் எண் வேறுபடுதலின், வாய்பாட்டை நெட்டுருச் செய்யாதார்க்கு இக்கணக்கு வசப்படாது. பழைய ஐரோப்பிய நாடுகளிலும் இந்நிலையே இருந்தது. அங்கும் ஊருக்கு ஊர் அளவு வேறுபட்டது.

இவ்விடர் நீங்கப் பிரெஞ்சு நாட்டார் புதுமுறை ஒன்றை வகுத்து, 1795ஆம் ஆண்டில் சட்டமாக்கினர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தொலைவைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீட்டர் என்றனர். அதன் பொருட்டு டெலாம்பர், மெஷேன் என்னும் அறிஞர் இருவர் டன்கர்க் நகர் முதல் பார்சலோனா வரை நிலத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தனர். நம் இந்திய நாட்டில் இம்முறைக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டு, 1958ஆம் ஆண்டு அக்டோபர் முதல் படிப்படியாக வழக்கிற்கு வந்தது. இன்று மீட்டரின் அளவு ஒளியின் வேகத்தைக் கொண்டும், கிலோகிராமின் அளவு 2019ஆம் ஆண்டு முதல் பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணைக் கொண்டும் வரையறுக்கப்படுகின்றன. அடிப்படை மாறினும் அலகுகளுக்கிடையேயுள்ள பத்தின் உறவு மாறவில்லை.

அவ்வுறவு யாதெனிற் கூறுவாம். நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிராம், முகத்தலுக்கு லிட்டர் என மூன்று அலகுகள் உள. இவற்றின் முன்னர் ஆறு அடைமொழிகள் வந்து சேரும். டெக்கா பத்து மடங்கு. ஹெக்டோ நூறு மடங்கு. கிலோ ஆயிரம் மடங்கு. இவை மூன்றும் கிரேக்க மொழியிலிருந்து எடுத்தவை. டெசி பத்தில் ஒரு பங்கு. சென்டி நூற்றில் ஒரு பங்கு. மில்லி ஆயிரத்தில் ஒரு பங்கு. இவை மூன்றும் இலத்தீனிலிருந்து எடுத்தவை. கிலோ, ஹெக்டோ, டெக்கா, அடிப்படை அலகு, டெசி, சென்டி, மில்லி என இவ்வேழையும் ஓர் ஏணியின் படிகளாக மனத்திற் கொள்க. ஒரு படி இறங்கினால் எண்ணைப் பத்தாற் பெருக்குக. ஒரு படி ஏறினால் பத்தால் வகுக்க. இதுவே முறை முழுதும்.

எடுத்துக்காட்டாக, 3.75 கிலோமீட்டரை மீட்டராக்க மூன்று படி இறங்குதல் வேண்டும். புள்ளி வலப்புறம் மூன்று இடம் நகர்ந்து 3,750 மீட்டராகும். 468 சென்டிமீட்டரை மீட்டராக்க இரண்டு படி ஏறுதல் வேண்டும். புள்ளி இடப்புறம் இரண்டு இடம் நகர்ந்து 4.68 மீட்டராகும். 65 கிராம் 0.065 கிலோகிராம், 0.4 லிட்டர் 400 மில்லிலிட்டர். பெருக்கவோ வகுக்கவோ என்னும் மயக்கம் வருமிடத்து ஒன்றை நினைக. ஒரு குடம் நீரைச் சிறு கிண்ணத்தால் முகந்தால் பல முறை முகத்தல் வேண்டும். பெரிய செம்பால் முகந்தால் சில முறையே போதும். அதுபோல, அலகு சிறுத்தால் எண் பெருகும். அலகு பெருத்தால் எண் சுருங்கும்.

இனி, பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பது கொண்டு, ஒரு சதுர மீட்டருக்கும் 100 சதுர சென்டிமீட்டர் என்று கூறிவிடுவர். அது பிழை. சதுரத்தில் நீளமும் அகலமும் தனித்தனியே நூறு மடங்காதலின் 10,000 சதுர சென்டிமீட்டர் வரும். கன அளவிலோ உயரமும் சேர்தலின் ஒரு கன மீட்டருக்கு 10,00,000 கன சென்டிமீட்டர் ஆகும். நீளத்திற் புள்ளி இரண்டு இடம் நகர்ந்தால், பரப்பில் நான்கு இடமும், கன அளவில் ஆறு இடமும் நகரும் என்பதை மறவற்க.

நீளத்தையும் முகத்தலையும் இணைக்கும் பாலம் இதன்கண்ணே உள்ளது. ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டி கொள்வது ஒரு லிட்டர். ஆதலின் ஒரு லிட்டருக்கு 1,000 கன சென்டிமீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர். 2 மீட்டர் நீளமும், 1.5 மீட்டர் அகலமும், 1 மீட்டர் ஆழமும் உள்ள தொட்டியின் கன அளவு 3 கன மீட்டர். அது கொள்ளும் நீர் 3,000 லிட்டர். மழையையும் இவ்வாறே கணக்கிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டர் பரப்பில் நின்றால் சரியாக ஒரு லிட்டர் நீராகும். 100 சதுர மீட்டர் மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்யின் 2,500 லிட்டர் நீர் விழுகின்றது. ஒரு மாலை மழையில் எத்தனை குடம் நீரை வீதியில் ஓடவிடுகின்றோம் என்பதை இக்கணக்கே நமக்குச் சொல்லும்.

முகத்தலையும் நிறையையும் இணைக்கும் பாலம் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நிறையுடையது. ஆனால் இவ்வுறவு தண்ணீருக்கே உரியது. எல்லாப் பொருள்களுக்கும் பொதுவன்று. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராமே இருக்கும். ஒரு லிட்டர் தேனோ ஏறக்குறைய 1,400 கிராம் இருக்கும். ஆதலின் ஒரு கிலோ எண்ணெயையும் ஒரு லிட்டர் எண்ணெயையும் ஒன்றெனக் கருதி விலைபேசுவோர் ஏமாறுவர். லிட்டரைக் கிலோகிராமாக்க அப்பொருளின் ஒரு லிட்டர் நிறையாற் பெருக்குக. கிலோகிராமை லிட்டராக்க அதனால் வகுக்க. எப்பொருளின் நிறை, எவ்வலகில் என்னும் இரண்டையும் அறியாது இக்கணக்கில் இறங்குதல் கூடாது.

இதனை அறியாமையால் நேரவிருந்த பெருங்கேடு ஒன்றை ஈண்டுக் கூறுவாம். 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கனடா நாட்டில், மான்ட்ரியல் நகரிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் நகருக்கு ஒரு பெரு விமானம் புறப்பட்டது. அந்நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. விமானத்தின் எரிபொருள் காட்டும் கருவி பழுதுற்றிருந்தமையின், வேண்டிய எண்ணெயைக் கையாற் கணக்கிட நேர்ந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். தொட்டிகளில் முன்னரே இருந்தது 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோகிராமாக்க 0.803 என்னும் எண்ணாற் பெருக்கியிருத்தல் வேண்டும். அவர்கள் பெருக்கியதோ 1.77 என்னும் எண்ணால். அது லிட்டரை இராத்தலாக்கும் எண். அவர்களுக்குப் பழகிப்போன பழைய எண்.

அதனால் விளைந்ததைக் காண்க. உள்ளது 6,169 கிலோகிராம் என்றிருக்கவேண்டிய இடத்தில் 13,597 என்று வந்தது. இன்னும் ஏறக்குறைய 20,088 லிட்டர் ஊற்றியிருத்தல் வேண்டும். ஊற்றியதோ ஏறக்குறைய 4,917 லிட்டரே. பெருக்கலிலும் கழித்தலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. எண்ணுக்குரிய அலகிலேதான் பிழை. வேண்டியதிற் பாதிக்கும் குறைவான எண்ணெயோடு விமானம் விண்ணில் எழுந்தது. நடுவானில் எண்ணெய் தீர்ந்து எஞ்சின்கள் இரண்டும் அவிந்தன. சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியிருந்த விமானத் தலைவர் ராபர்ட் பியர்சன், எஞ்சினற்ற அப்பெரும் ஊர்தியைக் கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்டிருந்த பழைய விமானத்தளத்தில் இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். ஆயினும், அத்திறமை வேண்டப்பட்டதே ஒரு சிறு கணக்குப் பிழையால் அன்றோ?

மெட்ரிக் முறையின் எளிமையிலும் ஓர் அபாயம் மறைந்துள்ளது. சரியான விடையும் தவறான விடையும் இம்முறையில் உடன்பிறந்தார்போல் ஒத்த முகமுடையன. 2.5, 25, 250 என்பவற்றுள் தோன்றும் இலக்கங்கள் ஒன்றே. புள்ளியும் சுழியுமே வேறுபாடு. ஆதலாற் கண் ஏமாறும். பத்தாற் பெருக்கல் எளிது. பத்து மடங்கு பிழை செய்தலும் அத்துணை எளிது.

அப்பிழையினின்று தப்ப மூன்று வழிகள் உள. முதலாவது, எந்த எண்ணையும் அலகின்றித் தனியே எழுதற்க. 1.77 என்று மட்டும் எழுதாது, லிட்டருக்கு 1.77 இராத்தல் என்று எழுதியிருப்பின், கிலோகிராம் கணக்கில் அது புகுந்திராது. இரண்டாவது, கணக்கிடுமுன்னரே விடை பெருகுமோ சுருங்குமோ என்று நினைத்துக்கொள்க. மூன்றாவது, வந்த விடையைக் கையறிந்த ஒரு பொருளோடு ஒப்பிடுக. தேக்கரண்டி கொள்வது 5 மில்லிலிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம். கதவின் உயரம் ஏறக்குறைய 2 மீட்டர். இத்தகைய சில அளவுகள் மனத்தில் இருப்பின், பொருந்தா விடை தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

என் அன்னையார் அன்றிரவு செய்தது இம்மூன்றாவதே. மில்லிகிராம், மில்லிலிட்டர் என்னும் சொற்களை அவர் கற்றவரல்லர். ஆயினும், அரைக் கரண்டிக்கும் ஐந்து கரண்டிக்கும் உள்ள வேற்றுமை அவர் கைக்குத் தெரிந்திருந்தது. ஏட்டில் எழுதும் எண்ணைப் பொருளோடு ஒப்புநோக்கும் அப்பழக்கம் கற்றார்க்கும் இன்றியமையாதது. எண்ணும் எழுத்தும் கண் என்பர். அலகை விட்ட எண்ணோ இருட்டிற் பார்க்கும் கண்ணை ஒக்கும். மருந்துப் புட்டியைக் கையில் எடுக்கும்போதாயினும் இதனை நண்பர்கள் நினைவு கூர்வார்களாக.