மீன் தொட்டிச் செடிகளைக் கத்தரிக்கும் முறை

வாடிக்கையாளர் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று கல்லாப் பக்கத்தில் மீன் தொட்டி வைத்திருக்கும் வணிகர்கள் நம்மில் பலர். வீட்டிலும் பிள்ளைகளுக்காக வைக்கிறோம். சென்னை கொளத்தூருக்குப் போய் மீனோடு உயிர்ச் செடிகளும் வாங்கி வருகிறோம். நட்ட பிறகு அவற்றைக் கவனிப்பதில்லை. நஷ்டம் அங்கேதான்.

சீயமங்கலத்தில் நமது மண்டியிலும் இதுவே நடந்தது. வேலம்பாசி நீர்மட்டம் வரை அடர்ந்துவிட்டது. பச்சைப்பசேல் என்று இருந்ததால் அப்படியே விட்டோம். இரவு கடை அடைக்கையில் வழக்கம்போல் மெயின் சுவிட்சை அணைத்தோம். காற்று மோட்டாரும் நின்றது. காலையில் பாதி மீன்கள் செத்து மிதந்தன. மீதி மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

காரணம் இதுதான். பகல் வெளிச்சத்தில் செடி பிராணவாயு தருகிறது. இருட்டிலோ மீனைப் போலச் செடியும் அதையே எடுத்துக்கொள்கிறது. செடி மிகுந்தால் விடியற்காலையில் தட்டுப்பாடு வரும். மேலே படர்ந்த செடி அடியில் வெளிச்சம் விடாது. அடி இலைகள் அழுகினால் தட்டுப்பாடு இன்னும் கூடும்.

கத்தரிக்கும் முறை:

1. தண்ணீரில் கை வைக்குமுன் மின் இணைப்புகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

2. வேலம்பாசி, கபோம்பா போன்ற தண்டுச் செடிகளைக் கணுவுக்குச் சற்று மேலே, கூரான கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். வெட்டிய நுனியின் அடி இலைகளை நீக்கி மணலில் ஊன்றினால் வேர் பிடிக்கும்.

3. வாலிஸ்நேரியா, அமேசான் வாள் செடி ஆகியவற்றின் இலையை நடுவில் வெட்டினால் வெட்டுவாய் பழுத்து அழுகும். ஓரத்து முதிர்ந்த இலைகளை அடியோடு எடுக்க வேண்டும்.

4. ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. செடி உண்ணும் சத்து நீரில் மிஞ்சினால் பாசி பிடிக்கும்.

5. துண்டுகளை வலையால் அள்ளிவிட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுவது நல்லது.

வெட்டியதை எங்கே போடுவது? ஏரியிலோ வாய்க்காலிலோ வேண்டவே வேண்டாம். பிரேசில் நாட்டு நீர்ச்செடியான சால்வீனியா 1939ல் தாவரவியல் ஆய்வுக்காக இலங்கைக்கு வந்தது. பின்பு வயல்களில் பரவியது. கேரளத்தில் ‘ஆப்பிரிக்கப் பாயல்’ என்று நீர்நிலைகளை மூடியதும் அதுவே. அதை அடக்க 1980களில் ஒரு வண்டினத்தையே கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. ஏரி பாய்ந்து நெல்லும் மணிலாவும் விளைந்தால்தான் நம் மண்டிக்கு மூட்டை வரும். ஆகவே வெட்டியதை வெயிலில் நன்றாக உலர்த்திப் பூந்தொட்டிக்கு எருவாக்குவோம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் போதும். கடைத் தொட்டி வைத்திருப்போர் காற்று மோட்டாருக்கு மட்டும் தனி லைன் இழுத்து, இரவிலும் ஓட விடுங்கள். நாம் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.