கார்ட்லெஸ் போன்: பேஸ் யூனிட்டை எங்கே வைப்பது?

கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் வந்த கையோடு பலர் ஒரு கார்ட்லெஸ் போனும் வாங்குகிறார்கள். போன் ஒயர் சுவரில் எங்கே முடிகிறதோ அங்கேயே பேஸ் யூனிட்டை வைத்துவிடுகிறார்கள். பிறகு, "வாசலைத் தாண்டினால் பேச்சு அறுந்துவிடுகிறது" என்று போனைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் பேஸ் யூனிட்டை வைத்த இடம்தான் காரணம்.

கொடைக்கானல் மேல்மலையில், கவுஞ்சியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான கல் சுவர், தகரக் கூரை, கீழே படிப்படியாக இறங்கும் பூண்டுத் தோட்டம். வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார். அவருக்கு உடம்புக்கு ஏதாவது என்றால், தோட்டத்தில் நிற்பவரின் ஹேண்ட்செட் ஒலிக்க வேண்டும். இரண்டு ஹேண்ட்செட் உள்ள மாடலில் இன்டர்காம் வசதி உண்டு. ஆனால் அந்த அழைப்பும் பேஸ் யூனிட் வழியாகத்தான் போகும்.

டெக்ட் வகை போன்கள் திறந்த வெளியில் சுமார் 300 மீட்டர், வீட்டுக்குள் சுமார் 50 மீட்டர் எட்டும் என்பார்கள். கல் சுவர் இதை வெகுவாகக் குறைக்கும். தகரமோ இரும்பு பீரோவோ குறுக்கே வந்தால் சிக்னல் திரும்பிவிடும். மேட்டு விளிம்புக்குக் கீழே இறங்கினால் மண்ணே தடை.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட், இதே டெக்ட் முறையில் 10 கி.மீ. தூரம்வரை கிராமங்களுக்குத் தொலைபேசி கொடுத்தது. கோபுரத்தில் பேஸ் ஸ்டேஷன், வீட்டுக் கூரைமேல் ஆன்டெனா, நடுவே மறைப்பு இல்லை. நமக்கும் அதுதான் வழி: தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் ஓரம், தலைக்கு மேல் உயரம். அதற்குப் போன் ஒயரை நீட்டினால் போதும், செலவு அதிகமில்லை.

உங்கள் போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையா என்று பாருங்கள். அப்படியானால் வைஃபை ரூட்டர், மைக்ரோவேவ் அவன் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒன்றையொன்று கெடுக்கும். டெக்ட் வேறு அலைவரிசை என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆணி அடிக்கும் முன் ஒரு சோதனை. ஒருவர் வீட்டில் ஹேண்ட்செட்டைக் காதில் வைத்திருக்கட்டும். நீங்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே தோட்டத்தில் நடங்கள். குரல் அறுந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, பேஸ் யூனிட்டை இரண்டடி நகர்த்தி மறுபடி நடந்து பாருங்கள். சில சமயம் அந்த இரண்டடியே போதும்! கடைக்காரர் சொன்னார் என்று ரிப்பீட்டர் வாங்குவதெல்லாம் இதற்குப் பிறகுதான். அதையும் பேஸ் யூனிட்டின் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும்.

கரண்ட் போனால் பேஸ் யூனிட்டும் படுத்துவிடும். ஃபைபர் இணைப்பு என்றால் அதன் பெட்டியும் கூடவே அணைந்துவிடும். கம்ப்யூட்டருக்கு வாங்கிய யு.பி.எஸ்.ஸில் இரண்டையும் சேர்த்துச் செருகிவிடுங்கள்.