தெளிந்த நீரும் தூய நீரும்

நீர் தெளிந்திருக்கின்றது என்பதனாலேயே அது தூயது என்று கொண்டுவிடுதல் தகாது. வீடுகளிலே கண்ணாடித் தொட்டி அமைத்து மீன் வளர்ப்போர் பலர் இவ்வுண்மையை மீன்களைப் பறிகொடுத்த பின்னரே உணருகின்றனர். பளிங்கு போன்ற நீரிலே முதல்நாள் துள்ளித் திரிந்த மீன்கள், மறுநாட் காலையில் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திணறுவதுண்டு. இக்காலத்திலே கழியூதா விளக்குப் பொருத்திய வடிகட்டிகள் கடைகளில் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றுள் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டால் நீரைப் பற்றிய கவலை ஒழிந்தது என்று எண்ணுவோரும் உளர். அவ்விளக்கு எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதை அறிந்துகொண்டால் பணமும் வீணாகாது, மீன்களும் பிழைக்கும்.

முதலில் வடிகட்டியின் அமைப்பை அறிதல் வேண்டும். ‘கனிஸ்டர்’ என்று வழங்கும் இவ்வகை வடிகட்டி, மூடி இறுகப் பூட்டப்பட்ட வாளி போன்றதொரு கலமாகும். அது தொட்டிக்கு வெளியே, பெரும்பாலும் தொட்டி வைத்த மேசையின் கீழே இருக்கும். ஒரு குழாய் வழியே தொட்டிநீர் கலத்தினுள் இறங்குகின்றது. உள்ளே அடுக்கப்பட்ட பஞ்சுத் தட்டுகளையும் நுண்துளைகள் நிறைந்த மட்பாண்ட வளையங்களையும் கடக்கின்றது. பின்னர் மூடியிலுள்ள சிறு மின்பம்பி அதனை வேறொரு குழாய் வழியே மீண்டும் தொட்டிக்கு ஏற்றுகின்றது. பஞ்சு அழுக்கைத் தடுத்து நிறுத்துகின்றது. இது கண்ணுக்குப் புலப்படும் வேலை. மீனின் உயிரைக் காப்பதோ கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு வேலை.

மீன்களின் செவுள்களிலிருந்தும், அவற்றின் கழிவிலிருந்தும், உண்ணாது எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு நீரிற் கலக்கின்றது. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றை, தீங்கு மிகக் குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இவ்விரு படிகளையும் நிகழ்த்தும் நுண்ணங்கிகளை 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி ஆராய்ந்து காட்டினார். இவை வளையங்களின் நுண்துளைகளிலும் பஞ்சிலும் ஒட்டி வாழ்வன. புதிதாக அமைத்த தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லும். அமோனியாவுக்கும் நைத்திரைற்றுக்கும் நிறம் இல்லை. தெளிந்த நீரிலே மீன்கள் மடிவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இனி, கழியூதா விளக்கின் வேலை யாது? சூரிய ஒளியின் நிறமாலையில் ஊதா நிறத்துக்கு அப்பாலும் கண்ணுக்குத் தோன்றாத கதிர்கள் உள்ளன என்பதை 1801ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் ரிற்றர் கண்டறிந்தார். சூரிய ஒளிக்குப் பற்றீரியாக்களை அழிக்கும் ஆற்றல் உண்டென்று 1877இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். 1910இல் பிரான்சு தேசத்து மார்செய் நகரிலே குடிநீரைச் சுத்திகரிப்பதற்கு இக்கதிர்கள் பயன்படுத்தப்பட்டன. மீன்தொட்டி விளக்கும் அதே தத்துவத்தில் இயங்குவதே. அதன் குழாயிலுள்ள இரச ஆவி, 254 நனோமீற்றர் அலைநீளமுடைய கதிரை வெளிவிடுகின்றது. சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். ஆதலால் விளக்கைச் சூழக் குவாற்சுக் கண்ணாடி உறை இடப்படுகின்றது. கதிர் பட்ட நுண்ணங்கியின் மரபுப் பொருள் சிதைவுறுகின்றது. அது பெருக இயலாது அழிகின்றது.

இக்கதிர் தன்னைக் கடந்து செல்வதை மாத்திரமே தாக்கும். விளக்கின் வலிமையும் அதன் எல்லையும் இதிலேயே அடங்கியுள்ளன. நீரை இளம்பச்சைக் குழம்பு போல் ஆக்கும் மிதவைப் பாசி நீரோடு சேர்ந்து வருவதால், சில நாட்களில் அழிந்து நீர் தெளிவடையும். கண்ணாடியிலும் கற்களிலும் படர்ந்த பாசி அசையாது. ஆகையால் அது அழிவதில்லை. வளையங்களில் ஒட்டி வாழும் நற்பற்றீரியாக்களுக்கும் விளக்கினால் தீங்கு நேராமைக்கு இதுவே காரணம். மீனின் உடலில் உப்புத் தூவியது போன்று தோன்றும் வெண்புள்ளி நோயை எடுத்துக்கொள்ளின், அந்நோயைத் தரும் ஒட்டுண்ணி முதலில் மீனின் தோலினுள் இருக்கின்றது. பின்னர் தொட்டியின் அடியில் உறையிட்டுப் பெருகுகின்றது. இவ்விரு நிலைகளிலும் விளக்கு அதனை அணுகாது. புதிய மீனைத் தேடி அது நீந்தித் திரியும் ஓரிரு நாட்களில் மாத்திரமே, அதுவும் விளக்கைக் கடந்தால் மாத்திரமே, அழியக்கூடும். ஆகவே விளக்கு நோய் பரவுதலைக் குறைக்கலாம். நோயுற்ற மீனைக் குணப்படுத்தாது.

அமோனியாவையும் விளக்கு அகற்றுவதில்லை. அழிந்த பாசி அழுகும்பொழுது அமோனியா மிகுதலும் உண்டு. பாசி மறைந்து நீர் ஒளிரும் அந்நாட்களில்தான் நீரின் ஒரு பகுதியை மாற்றுதலும், பஞ்சில் தங்கிய கழிவை அகற்றுதலும் மிகவும் அவசியமாகின்றன.

நீரோட்டத்தின் வேகமும் கவனிக்கத்தக்கது. கதிரின் பயன் அதன் செறிவையும், நீர் அதன்முன் தங்கும் நேரத்தையும் பொறுத்தது. ஓட்டத்தைப் பாதியாக்கினால் நீர் தங்கும் நேரம் இரட்டிக்கும். ஆனால் வடிகட்டிக்கு நல்ல ஓட்டம் வேண்டும். கலத்தோடு இணைந்து வரும் சிறு விளக்குகள் மிதவைப் பாசிக்குப் போதுமாயினும், கூடிய அளவு கதிர் வேண்டும் ஒட்டுண்ணிகளுக்கு எப்போதும் போதுமென்று சொல்வதற்கில்லை. மேலும், 200 இலீற்றர்த் தொட்டியில் 200 இலீற்றர் நீர் விளக்கைக் கடந்துவிட்டால் எல்லா நீரும் கடந்துவிட்டது என்று கருதுதல் தவறு. திரும்பிவந்த நீர் எஞ்சியதோடு கலந்துவிடுவதால், ஏறக்குறைய 37 வீதம் அவ்வேளையிலும் விளக்கைக் கடந்திராது. 600 இலீற்றர் ஓடிய பின்னும் சுமார் 5 வீதம் எஞ்சும். ஆகவே பாசியை அழிக்கும்வரை விளக்கு இடையறாது எரிதல் நன்று.

பராமரிப்பிலும் சில விதிகள் உள. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்மையானது. அத்தகைய நீரிலே குவாற்சு உறையின்மேல் சுண்ணப் படலம் படிந்து கதிரை மறைக்கும். வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தோய்த்த துணியால் அதனைத் துடைத்தகற்றலாம். விளக்கு ஆண்டுக்கணக்கில் நீலமாக எரிந்துகொண்டிருப்பினும், அதன் கதிர்வீச்சு நாளடைவிற் குன்றும். சுமார் 8000 மணிநேரம், அஃதாவது தொடர்ந்து எரிந்தால் ஏறக்குறைய ஓராண்டு, கழிந்ததும் அதனை மாற்றுதல் வேண்டும். எரியும் விளக்கை வெறுங்கண்ணால் ஒருபோதும் நோக்கலாகாது; கண்ணுக்கும் தோலுக்கும் அது கேடு விளைக்கும். மின்செருகியைக் கழற்றிய பின்னரே கலத்தைத் திறத்தல் வேண்டும். கதிர் பட்டால் சில மருந்துகள் பயனிழந்துவிடுமாதலால், தொட்டிக்கு மருந்திடும் நாட்களில் விளக்கை அணைத்துவிடுதல் நன்று.

பஞ்சையும் வளையங்களையும் குளோரீன் கலந்த குழாய்நீரிற் கழுவினால் நற்பற்றீரியாக்கள் அழியும்; தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் வேண்டும். மின்சாரம் நின்றுபோகும் வேளையிலும் அவற்றுக்கு ஆபத்து உண்டு. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. அவ்வாறு நீண்ட நேரம் ஓட்டம் நின்றால், மூடிய கலத்தினுள் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியாக்கள் மடியத் தொடங்கும். உள்ளிருக்கும் நீரும் கெடும். மின்சாரம் திரும்பியதும் அந்நீரை வெளியே கொட்டிவிட்டே கருவியை இயக்குதல் வேண்டும். இல்லையேல் கெட்ட நீர் முழுவதும் தொட்டியினுட் பாயும்.

பஞ்சும் வளையங்களும் அவற்றில் வாழும் பற்றீரியாக்களும் ஒரு வீட்டின் அன்றாட வேலைக்காரர் போன்றவை. கழியூதா விளக்கோ வாயிற்காவலன் போன்றது. காவலன் வாயிலைக் கடப்போரைத் தடுப்பானேயன்றி, வீட்டைக் கூட்டித் துடைப்பானல்லன். அளவாக மீன் விட்டு, அளவாக உணவிட்டு, கிழமைதோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றி வருபவரின் தொட்டியிலே அவ்விளக்கு நல்ல துணையாகும். இவற்றைச் செய்யாதவரின் தொட்டியிலோ, அது நீரிலுள்ள கேட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் திரையாகவே முடியும்.