எல்லா அறையும் ஒன்றாகக் குளிரும்போது

2023 பிப்ரவரி 3. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குளிர் திடீரென்று கடுமையானது. அன்று ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தின் மின்தேவை 43,000 மெகாவாட்டை ஒட்டிச் சென்று, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. மாகாணத்தின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 90 லட்சம்தான். அங்கே பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது மின்சாரம். சன்னலுக்குக் கீழே, சுவரின் அடியோரமாக நீளவாக்கில் பொருத்திய பேஸ்போர்டு ஹீட்டரை ஏறக்குறைய எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

ஓர் அறைக்கு எத்தனை வாட் ஹீட்டர் வேண்டும்? மான்ட்ரியலில் சுமார் மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் குளிருக்குக் கணக்குப் போடுவார்கள். உள்ளே 21 டிகிரி வேண்டுமென்றால் வித்தியாசம் 44. வெப்பக்காப்பு நன்றாக உள்ள சுவரில், சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கால் வாட் வெளியே போகும். இரட்டைக் கண்ணாடிச் சன்னலில் சுமார் 2 வாட். அதாவது, ஒரு சதுர மீட்டர் சுவர் 11 வாட்டை இழக்கும்போது அதே அளவு சன்னல் 88 வாட்டை இழக்கிறது. ஹீட்டரைச் சன்னலுக்குக் கீழே வைப்பது ஏன் என்று இப்போது புரியும். நடுமாடிப் படுக்கையறை ஒன்றில் 15 சதுர மீட்டர் வெளிச்சுவரும் 2 சதுர மீட்டர் சன்னலும் இருந்தால் இழப்பு சுமார் 340 வாட். இடுக்குகளில் நுழையும் காற்று இருக்கிறதே! 30 கன மீட்டர் அறையில் மணிக்குப் பாதிக் காற்று மாறினாலே இன்னும் 220 வாட். ஆக 560. கடையில் 500, 750, 1,000 என்றுதான் கிடைக்கும், 750 வாங்குவார்கள். இந்தக் கூடுதலை நினைவில் வையுங்கள்.

வீட்டு மெயினுக்கு வேறு கணக்கு. அங்கே எல்லாச் சாதனங்களின் வாட்டையும் அப்படியே கூட்டுவதில்லை; எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பது அனுபவம். 130 சதுர மீட்டர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கனடிய மின் விதிநூல்படி விளக்கு, பிளக் வகைக்கு 6,000 வாட். 12 கிலோவாட் மின்னடுப்புக்குப் பாதி, 6,000. வெந்நீர்த் தொட்டி 4,500, துணி உலர்த்தி 5,000 என்றால் இரண்டிலும் கால் பங்குதான், 2,375. இந்தத் தாராளம் ஹீட்டரிடம் வந்ததும் சுருங்கிவிடுகிறது. முதல் 10 கிலோவாட் முழுசாக, அதற்கு மேல் முக்கால் பங்கு. வீட்டு ஹீட்டர்கள் 16 கிலோவாட் என்றால் கணக்கில் 14,500 வாட். மொத்தம் 28,875; 240 வோல்ட்டால் வகுத்தால் 120 ஆம்பியர். பழைய 100 ஆம்பியர் பேனல் போதாது. ஏசியும் உண்டா? ஹீட்டரோடு சேர்ந்து ஓடாது என்பது உறுதியானால், இரண்டில் பெரியதை மட்டும் சேர்த்தால் போதும். அமெரிக்காவின் தேசிய மின் விதிநூல், அதன் வழக்கமான முறையில், இன்னும் கறார்: ஹீட்டர் என்றால் 100 சதவீதம்.

சமையல் வீட்டுக்கு வீடு வேறு வேளையில் நடக்கும். குளிர் அப்படி முறை வைத்து வருவதில்லை. எல்லா அறைக்கும், எல்லா வீட்டுக்கும் ஒரே இரவில் வருகிறது. பிறகு அந்த முக்கால் பங்குச் சலுகை எங்கிருந்து வந்தது? அறைக்கொரு தெர்மோஸ்டாட் இருந்தால்தான் அது கிடைக்கும். 560 தேவைப்படும் இடத்தில் 750 போட்டிருப்பதால் ஹீட்டர் விட்டுவிட்டுத்தான் ஓடும். ஒன்று ஓயும்போது இன்னொன்று எரியும். (560-ஐ 750-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட முக்கால்! என் உதாரணத்தில் அது தற்செயல்தான்.)

இந்த மாறி மாறி ஓடும் ஒழுங்கு, நீண்ட மின்வெட்டில் குலைந்துவிடும். 1998 ஜனவரியில் உறைமழை கியூபெக்கின் மின்கோபுரங்களைப் பனிக்கட்டிப் பாரத்தால் மடக்கியபோது சுமார் 14 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அப்படி ஒரு தெரு பல மணி நேரம் குளிர்ந்து கிடந்தபின் மின்சாரம் திரும்பினால், எந்தத் தெர்மோஸ்டாட்டும் ஓயாது. 750 வாட் ஹீட்டர் முழு 750-ஐயும் இழுக்கும். தெருவின் சுமை வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேலும் எகிறி, வந்த மின்சாரம் மறுபடி போகலாம். அதனால் ஊரை ஒரேயடியாக இணைக்க மாட்டார்கள். ஒரு பகுதிக்குக் கொடுத்து, அங்குள்ள வீடுகள் சூடேறி ஹீட்டர்கள் ஓயத் தொடங்கும்வரை காத்திருப்பார்கள். பக்கத்துத் தெரு அதுவரை இருட்டில்தான்.