கேரட்டில் தொடங்கிய டிஸ்பிளே

கீபோர்டின் மேல் ஒரு பேனாவோ இயர்போனோ கிடந்திருக்கும். கவனிக்காமல் லேப்டாப்பை மூடியிருப்பீர்கள். மறுபடி ஆன் செய்தால் ஒரு மூலையில் கருப்புத் திட்டு. அதை ஒட்டி மேலிருந்து கீழாகப் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள். விரலால் தடவிப் பார்த்தால் கீறல் எதுவும் தட்டுப்படாது. “டிஸ்பிளே போச்சு” என்று முடித்துவிடுகிறோம். உண்மையில் அந்தத் திட்டும் கோடுகளும் இரண்டு தனித்தனிப் பழுதுகள்.

டிஸ்பிளே ஒற்றைக் கண்ணாடி அல்ல. மிக மெல்லிய இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் மூன்று நான்கு மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அந்த இடுக்கில்தான் திரவப் படிகம் நிரம்பியிருக்கிறது. கண்ணாடிகளின் வெளிப்பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் படலம். பல லேப்டாப்களில் நம் விரல் தொடுவது இந்தப் படலத்தைத்தான். உள்ளே கண்ணாடி நொறுங்கியிருந்தாலும் மேலே வழவழப்பாக இருப்பது அதனால்தான்.

இந்தப் படலங்கள் ஒவ்வொன்றும் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால், பின்னாலிருக்கும் எல்இடி வெளிச்சம் முதல் படலத்தைத் தாண்டினாலும் இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். நடுவிலிருக்கும் திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிட்டால்தான் அது வெளியே வரும். எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை ஒவ்வொரு புள்ளியிலும் மின்னழுத்தம் முடிவு செய்கிறது. கண்ணாடி உடைந்ததும் திரவப் படிகம் விலகி ஓடுகிறது. அந்த இடத்தில் ஒளியைத் திருப்ப ஒன்றுமில்லை. மை கசிந்ததுபோல் தெரியும் கருப்பு, எதுவோ கொட்டியதால் வந்ததல்ல, இருக்க வேண்டியது இல்லாமல் போனதால் வந்தது.

கோடுகளின் கதை வேறு. 1920க்கு 1080 என்ற சாதாரண டிஸ்பிளேயில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பிரிவுகள். ஆக 62 லட்சத்துக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் கண்ணாடியின் மேலேயே படிந்திருக்கின்றன. மேலிருந்து கீழாக மட்டும் 5,760 மின்தடங்கள். விரிசல் அவற்றில் எதையாவது அறுத்தால், அந்த வரிசையின் நிறம் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஒளியைத் திருப்பும் இந்த விசித்திரமான திரவப் படிகம் 1888இல் பிராக் நகரில் கண்ணில் பட்டது. ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலுள்ள கொலஸ்டிராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் சேர்மம் ஒன்று 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலாகவே நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? குழம்பியவர் ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்கு எழுதினார். அது நீர்போல் ஓடும், படிகம்போல் ஒழுங்காக அடுக்கி நிற்கும் என்று கண்டுபிடித்தார் லேமன். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அது ஆய்வக வேடிக்கையாகவே கிடந்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையரின் குழு அதை வைத்து டிஸ்பிளே செய்து காட்டியது. சாதாரண அறை வெப்பத்தில் நிலைத்து நிற்கும் திரவப் படிகத்தை 1973இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே கொடுத்த பிறகுதான் அத்தகைய டிஸ்பிளே கடைகளில் பரவலானது. 1977இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் குழு தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டது. பக்கவாட்டில் பார்த்தாலும் படம் வெளுக்காமலிருக்க டிஸ்பிளேக்களில் ஒட்டும் படலத்துக்கு அவ்வகைப் பொருள் பின்னாளில் பயன்பட்டது. இந்தச் சந்திரசேகர் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு; அவருக்கு ராமன் சித்தப்பா!

சரி, உடைந்த டிஸ்பிளேக்கு வருவோம். தூசியற்ற ஆலையில் திரவப் படிகம் நிரப்பி மூடிய அந்த இடுக்கை வீட்டில் திறந்து ஒட்டுவது நடக்காத காரியம். ஆனால் கடினமான வேலை எல்லாம் ஆலையிலேயே முடிந்துவிட்டதால், டிஸ்பிளே பேனலை முழுதாக மாற்றுவது சுலபம். முதலில் எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் ஒழுங்காக வந்தால் பழுது பெரும்பாலும் டிஸ்பிளே பக்கம்தான். கருப்பான திரையில் டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? அப்படியென்றால் போனது கண்ணாடி அல்ல, பின்விளக்கு.

லேப்டாப்பின் மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் பல கம்பெனிப் பேனல்கள் வரும். பழைய பேனலின் முதுகிலுள்ள ஸ்டிக்கர் எண்தான் கணக்கு. சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் “30 பின்னா, 40 பின்னா?” என்று இணைப்பிலுள்ள ஊசிகளின் எண்ணிக்கையைக் கேட்பார்கள்.

பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் கை வைக்கக் கூடாது; பவரை அணைத்தால் மட்டும் போதாது. ஓரச் சட்டத்தை நெம்பி எடுத்து, ஸ்குரூக்களைக் கழற்றி, பேனலைக் கீபோர்டின் மேல் மெல்லக் குப்புறச் சாய்த்து வையுங்கள். புது மாடல்கள் பலவற்றில் ஸ்குரூ இருக்காது. இரு பக்கமும் உள்ள ஒட்டுநாடாவின் நுனியைப் பிடித்து நிதானமாக இழுத்தால் நீண்டு, மெலிந்து, கழன்று வரும். கீழ் ஓரத்தில் கேபிள் சேருமிடத்தில் ஒரு டேப், அதன் கீழ் மெல்லிய கம்பிக் கொண்டி. அதை நிமிர்த்திவிட்டுக் கேபிளை நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும், மேலே தூக்கக் கூடாது. ஊசிகளுக்கிடையே அரை மில்லிமீட்டர்தான். மின்சாரம் இருக்கும்போது கோணலாகச் செருகினால் பின்விளக்குக்கான மின்னோட்டம் பக்கத்து ஊசியில் பாய்ந்து, மதர்போர்டிலுள்ள பொடி ஃபியூஸ் கருகும். புது பேனலே பழுது என்று சிலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான்.

டச் ஸ்கிரீன் என்றால், அதுவும் கண்ணாடியோடு சேர்த்து ஒட்டியது என்றால், மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். எல்இடி வருவதற்கு முந்தைய பழைய லேப்டாப்களின் டிஸ்பிளேயில் பின்விளக்காக இருப்பது பாதரசம் உள்ள மெல்லிய டியூப். அதை உடைக்காமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போட வேண்டாம்.