சுயம்புலிங்கம் ஏன் போலீஸுக்குப் போகவில்லை?

போன வாரம் வீட்டில் மறுபடி ‘பாபநாசம்’ ஓடியது. பாதிப் படத்தில் அத்தை கேட்டாங்க: “அம்மாவைக் காப்பாத்தத்தானே அந்தப் பொண்ணு அடிச்சா? நேரா ஸ்டேஷனுக்குப் போயிருந்தா விட்டிருக்க மாட்டாங்களா?” நியாயமான கேள்வி. சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

கதை தெரிந்ததுதான். ஜீத்து ஜோசப் 2013-ல் மலையாளத்தில் ‘த்ரிஷ்யம்’ எடுத்தார். 2015-ல் அவரே அதைத் தமிழில் எடுத்தார். மகள் குளிப்பதைச் செல்போனில் படம்பிடித்தவன் அதை வைத்து மிரட்டுகிறான். கெஞ்சும் தாயையே விலையாகக் கேட்கிறான். போனை உடைக்க மகள் வீசிய கம்பி அவன் தலையில் படுகிறது, செத்துப்போகிறான்.

அன்று அமலில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96-வது பிரிவு, தற்காப்புக்காகச் செய்தது குற்றமே இல்லை என்கிறது. 97-வது பிரிவின்படி, தன் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் காக்கலாம். வல்லுறவு நோக்கத்தோடு தாக்குபவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் 100-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆக, அத்தை சொன்ன மாதிரி வாதாட இடமிருக்கு.

சிக்கல் அடுத்ததில்தான். தற்காப்பு என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். அன்றைய சாட்சியச் சட்டத்தின் 105-வது பிரிவு அது. மகளிடம் என்ன சாட்சி இருக்கு? அம்மாவின் வாய்மொழி. அப்புறம் அந்த வீடியோ.

யோசிச்சுப் பாருங்க. எந்தப் படத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அவள் கம்பியைத் தூக்கினாளோ, அதையே வக்கீலும் நீதிபதியும் பார்க்க வேண்டும். அவளைக் காப்பாற்றும் சாட்சியும் அவளை உடைக்கும் பொருளும் ஒன்றே. வல்லுறவு வழக்கு மூடிய அறையில்தான் நடக்க வேண்டும் என்று விதி உண்டு. இங்கே அவள் கொலை வழக்கின் குற்றவாளிக் கூண்டில் அல்லவா நிற்பாள்? சுயம்புலிங்கம் பிணத்தோடு சேர்த்து அந்தச் சாட்சியையும் இல்லாமல் ஆக்குவது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. குற்றவாளிக்கு அடைக்கலம் தருவதைத் தண்டிக்கும் அன்றைய 212-வது பிரிவு கணவன் மனைவிக்கு விலக்கு தந்தது. பெற்றோருக்கு இல்லை! மகளை ஒளித்துவைக்கும் அப்பன், சட்டத்தின் முன் வெறும் மூன்றாம் மனிதன்.

அதற்காக அவர் செய்தது சரியென்று சொல்ல வரவில்லை. எதிரில் நிற்கும் ஐ.ஜி. கீதாவும் ஒரு தாய்தான். மகனைத் தேடும் வெறியில், ஒரு சின்னப் பெண்ணை அடிப்பதற்கும் காக்கிச் சட்டையை விட்டுவிடுகிறாள். சட்டத்தை முதலில் கையில் எடுத்தது யார் என்று கேட்டால் அவரைச் சொல்வோம். ஆனால் சட்டம் தன் கையில் இருந்தும் அதைக் கீழே போட்டவள் அவள்.

அத்தைக்கு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. “அப்ப அந்தப் புள்ள யாருகிட்டதான் போகும்?” என்றாங்க. அதுக்குப் பிரிவு எண் எதுவும் எனக்குக் கிடைக்கலை.