பிலிம் தேர்வும் நம் நாட்டு வெளிச்சமும்

புகைப்படக் கலையிலே பிலிம் என்பது முற்றும் ஒழிந்துபோயிற்று என்று பலரும் எண்ணிய காலம் ஒன்று உண்டு. 1975-ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டுக் கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன் என்னும் பொறியியலர் டிஜிட்டல் காமிரா ஒன்றை முதன்முதல் அமைத்தார். அவ்வினத்துக் கருவிகளே பிற்காலத்தில் அக்கம்பெனியின் பிலிம் வியாபாரத்தைக் கவிழ்த்தன. கோடாக்குரோம் என்னும் பேர்பெற்ற வர்ண பிலிமின் உற்பத்தி 2009-இல் நிறுத்தப்பட்டது. 2012-இல் அக்கம்பெனியே நொடித்து நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. எனினும் கதை அத்துடன் முடியவில்லை. அவ்வாண்டிலேயே கைவிடப்பட்ட எக்டாக்குரோம் என்னும் பிலிம் 2018-இல் மறுபடியும் கடைக்கு வந்தது. டிஜிட்டல் காமிராவிலும் கைப்பேசியிலும் பழகிய இளைஞர், பாட்டனார் பெட்டியிலிருந்த காமிராவை எடுத்துத் துடைக்கின்றனர். பிலிமை விட்டுப் பல்லாண்டு ஆன பழைய மாணவர் சிலரும் அதனை மீண்டும் நாடுகின்றனர். அவ்விரு திறத்தாரும் முதலில் கேட்கும் வினா ஒன்றே: எந்தப் பிலிமை வாங்குவது?

இவ்வினாவுக்கு விடை கூறப் புகுவோர் பெரும்பாலும் பிலிம்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, இது சிறந்தது, அது தாழ்ந்தது என்பர். நாம் அவ்வழிச் செல்லவில்லை. எவ்வெளிச்சத்தில் படம் எடுக்கப் போகிறோம், எடுத்த சுருளை எங்கே கழுவப் போகிறோம் என்னும் இரண்டையும் முதலில் தெளிந்துகொண்டால் பிலிமின் பெயர் தானே தோன்றும் என்பதே நம் கருத்து. அதனை விளக்குதற்கு, நம் மாணவர் பலர்க்குப் பழக்கமான கடையநல்லூரையும் தென்காசி, குற்றாலப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதற்கண் டிஜிட்டலுக்கும் பிலிமுக்கும் உள்ள வேற்றுமையை மனத்திற் கொள்ளவேண்டும். டிஜிட்டல் காமிராவில் ஒளியை உணரும் வேகத்தைப் படத்துக்குப் படம் மாற்றலாம். வெயிலில் 100 என்று வைத்தவர் வீட்டினுள் நுழைந்ததும் 3200 என்று திருப்பிவிடுவர். பிலிமில் அது இயலாது. 400 வேகமுள்ள சுருளைக் காமிராவில் இட்டுவிட்டால் 36 படங்களுக்கும் அதுவே வேகம். வர்ணத்தைப் பற்றியும் அவ்வாறே. குழல் விளக்கின் பசுமையையும் குண்டு விளக்கின் செம்மஞ்சளையும் டிஜிட்டல் காமிரா தானாகவே திருத்திக்கொள்ளும். பகல் வெளிச்சத்துக்கென்று செய்யப்பட்ட வர்ண பிலிமோ கண்டதைக் கண்டபடியே பதிக்கும். ஆகவே பிலிமைத் தேர்ந்தெடுத்தல் என்பது, படம் எடுப்பதற்கு முன்னரே எடுக்கப்படும் முதல் முடிவாகும்.

மற்றொரு வேற்றுமை இதனினும் முக்கியமானது. டிஜிட்டலில் ஒளி மிகுந்தால் வெண்மையான பகுதி முற்றும் அழிந்துவிடும். அதனைப் பின்னர் மீட்க முடியாது. ஆதலின் அதிற் பழகியவர் ஒளியைச் சற்றுக் குறைத்தே கொடுப்பர். நெகடிவ் பிலிமுக்கு இவ்வழக்கம் பகையாகும். அங்கே ஒளி மிகுந்தால் வெள்ளித் துகள்கள் அடர்ந்து படியுமேயன்றி உருவம் எளிதில் அழிவதில்லை. இரண்டு படி மிகுந்தாலும் பெரும்பான்மை நெகடிவ் பிலிம்கள் தாங்கும். நிழற்பகுதியில் ஒளி போதாவிட்டாலோ அவ்விடத்தில் ஒன்றுமே பதிவதில்லை. பதியாததை எந்த மருந்தும் வெளிக்கொணராது. சுருங்கக் கூறின், டிஜிட்டலில் வெளிச்சத்தைக் காக்கவேண்டும். நெகடிவில் நிழலைக் காக்கவேண்டும். டிஜிட்டலிலிருந்து திரும்புவோரின் முதற் சுருள் மங்கிக் கிடப்பதற்கு இப்பழக்கம் ஒரு பெருங் காரணமாகும்.

இனி, கடையநல்லூர்க்கு வருவோம். அவ்வூரிலே ஒரே நாளில் மூவகை வெளிச்சத்தைக் காணலாம். மேற்கே மலையடிவாரத்து வயல்களிலும் கருப்பாநதி அணைப் பக்கத்திலும் காய்கின்ற திறந்த வெயில் முதலாவது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேகங்கள் புகுந்து சாரல் பொழியும்போது உள்ள மூடிய வெளிச்சம் இரண்டாவது. அவ்வூர் பேர்பெற்ற கைத்தறி நெசவு நடக்கும் தறிக்கூடத்தினுள்ளே, ஒரு சன்னலும் கூரைக் கண்ணாடியும் தரும் குறைந்த வெளிச்சம் மூன்றாவது.

திறந்த வெயிலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் துவாரத்தை 16 என்னும் எண்ணில் வைத்து, பிலிமின் வேகம் எதுவோ ஒரு விநாடியில் அத்தனையில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்தால் போதும். 125 வேகமுள்ள பிலிமுக்கு 125-இல் ஒரு பங்கு. 400 வேகத்துக்கு 400 அல்லது 500-இல் ஒரு பங்கு. கனத்த மேகம் மூடியவிடத்து மூன்று படி கூட்டி, துவாரத்தை 5.6-இல் வைக்கவேண்டும். தறிக்கூடத்தினுள்ளோ 400 வேகமுள்ள பிலிமுக்கே துவாரம் 2.8-உம், 30-இல் ஒரு பங்கு விநாடியும் வேண்டியிருக்கலாம். 100 வேகமுள்ள பிலிமை இட்டவர் அங்கே எட்டில் ஒரு பங்கு விநாடி காமிராவை அசையாமல் பிடிக்கவேண்டியவராவர். நெய்பவர் கையும் நாடாவும் அந்நேரத்தில் எங்கேயோ போய்விடும். எனவே இம்மூன்று வெளிச்சத்துக்கும் ஒரே சுருள் வேண்டுமென்பார்க்கு 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளைப் பிலிமே தக்கது. கோடாக் கம்பெனியின் டிரை-எக்ஸும், இங்கிலாந்தில் செய்யப்படும் இல்போர்டு எச்.பி.5 பிளஸும் அவ்வினத்தவை. மிகவும் இருண்ட இடமாயின் பின்னதை 800 என்றோ 1600 என்றோ கருதி எடுத்து, கழுவும் நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். ஆனால் சுருள் முழுவதையும் அவ்வாறே எடுக்கவேண்டும். கருமை வெண்மை வேறுபாடு மிகும். நிழலில் விடுபட்டது விடுபட்டதே.

குற்றாலத்து அருவிகளுக்கு வேறொரு கருத்து வேண்டும். நீர்த்துளிகள் அந்தரத்தில் நிற்பனபோலக் காட்ட விரும்புவோர்க்கு 400 வேகம் உதவும். நீர் பட்டுத்துணிபோல் வழிவதாகக் காட்ட விரும்புவோர் 50, 100 போன்ற மெதுவான பிலிமை இட்டு, முக்காலியில் காமிராவை நிறுத்தி, அரை விநாடியோ ஒரு விநாடியோ ஒளி கொடுக்கவேண்டும். ஒரு விநாடிக்கு மேற்பட்டால் பிலிமின் உணர்ச்சி குன்றும். எச்.பி.5 பிளஸுக்கு மானி 10 விநாடி என்று காட்டினால் ஏறத்தாழ 20 விநாடி கொடுக்கவேண்டும் என்பது கணக்கு. அன்றியும், ஒளிமானி எதனைக் கண்டாலும் அதனைச் சாம்பல் நிறமாக்கவே முயலும். வெண்ணுரை நிறைந்த ஐந்தருவியை அளந்து அப்படியே எடுத்தால் நுரை சாம்பலாகும்; பாறை கரியாகும். பாறையின் நிழலை அருகே அளந்து, மானி காட்டியதினின்றும் இரண்டு படி குறைத்து எடுப்பதே முறை. ஆன்ஸல் ஆடம்ஸ் முதலிய அமெரிக்கப் படக்கலைஞர் 1940-ஐ ஒட்டி வகுத்த முறையின் சாரமும் இதுவேயாகும்.

வர்ணம் வேண்டுவோர்க்கு இருவகை பிலிம் உண்டு. கோடாக் கோல்டு 200, போர்ட்ரா 400 போன்ற வர்ண நெகடிவ்கள் பிழை பொறுப்பவை. திருவிழாவுக்கும் உறவினர் படத்துக்கும் ஏற்றவை. எக்டாக்குரோம், வெல்வியா போன்ற சிலைடு பிலிம்களோ அரைப்படிப் பிழையையும் காட்டிக்கொடுக்கும். அவற்றில் மட்டும் டிஜிட்டலைப்போலவே வெளிச்சத்தைக் காக்கவேண்டும். உச்சி வெயிலில் தென்காசிக் கோபுரத்தையும் அதன் நிழலையும் ஒருங்கே சிலைடில் அடக்குதல் அரிது. காலை, மாலை வேளைகளே அதற்கு உரியவை. சினிமாச் சுருளிலிருந்து வெட்டி விற்கப்படும் பிலிம்களில் சிலவற்றின் பின்புறத்தே கரிப்பூச்சு உண்டு. சாதாரண ஸ்டூடியோ இயந்திரத்தை அது கெடுக்குமாதலால், கழுவுவோரிடம் கேளாமல் அவற்றை வாங்கலாகாது.

வானத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1858-இல் மதுரை முதலிய ஊர்களைப் படம் பிடித்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்தவர். அவர் கையாண்ட காகித நெகடிவ் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தமையால் வானம் வெறுமையாய் வெளிறிப்போகும். அதனால் சில நெகடிவ்களில் அவர் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். இக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் பிலிம் எல்லா வர்ணங்களையும் உணருமெனினும் நீலத்தின்பால் அதற்குச் சற்றுப் பற்று உண்டு. பொதிகை மலைத்தொடரின்மேல் திரளும் மேகங்கள் படத்திலும் தோன்றவேண்டுமாயின் மஞ்சள் வடிகட்டிக் கண்ணாடி ஒன்றை லென்ஸின்முன் பொருத்தி ஒரு படி ஒளி கூட்டினால் போதும்.

இனி, கழுவும் இடத்தைப் பற்றிக் கூறுவோம். சிற்றூர்களிலே பிலிம் கழுவும் ஸ்டூடியோக்கள் அருகிவிட்டன. சுருளை வாங்குமுன்னரே அதனைக் கழுவித் தருவோர் யாவர், தபாலில் அனுப்பவேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுதல் நலம். கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவலாம். ஒளிபுகாத் தொட்டி, கறுப்புப் பை, உஷ்ணமானி, இரண்டு மூன்று மருந்துகள் இவையே வேண்டும். அதற்கு விதித்த வெப்பம் 20 டிகிரி. நம் நாட்டுக் குழாய் நீர் பெரும்பாலும் அதனினும் சூடுடையது. 20 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 24 டிகிரியில் 7 நிமிடமே போதும். அதற்கும் மேற்பட்டால் பனிக்கட்டி இட்ட பாத்திரத்தில் மருந்துப் புட்டியை வைத்துக் குளிர்விக்கவேண்டும். வர்ண நெகடிவுக்கோ 38 டிகிரி வேண்டும். அரைப்பாகை வேறுபாடும் வர்ணத்தைத் திரிக்கும். ஆதலின் புதியவர் கறுப்பு வெள்ளையில் தொடங்குதலே சிக்கனமும் நன்மையுமாம்.

சுருளைப் பாதுகாக்கும் முறையும் தேர்வைச் சார்ந்ததே. குளிர்ப்பெட்டியில் வைத்த பிலிமை வெளியில் எடுத்தவுடன் திறவாமல் ஓரிரு மணி நேரம் ஆறவிடவேண்டும். இன்றேல் சாரற்காலத்து ஈரம் அதன்மேற் படியும். கடையநல்லூர்க் குடும்பங்கள் பலவற்றில் வளைகுடா நாடுகளில் உழைப்போர் உளர். அவர்கள் மூலம் பிலிம் தருவிப்போர், அதனைக் கைப்பையிலேயே கொண்டுவந்து, விமான நிலையத்தில் கையாற் சோதிக்கும்படி வேண்டிக்கொள்ளச் சொல்லவேண்டும். புதுவகைச் சோதனை இயந்திரங்களின் கதிர் பிலிமை மூடுபனிபோல் மங்கச் செய்யும்.

இவ்விடத்தில் நம் நாட்டுப் பிலிமை நினையாதிருத்தல் இயலாது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை, ‘இந்து’ என்னும் பெயரால் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்து நாடெங்கும் அனுப்பிற்று. நம் பழைய மாணவர் பலருடைய வீட்டுப் படங்கள் அதிற் பதிந்தனவாயிருக்கலாம். 1990-களில் அது நலிவுற்றது. 2014-இல் மத்திய அரசு தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அளிக்க இசைந்தது. அதன் சுருள் அலமாரியில் அகப்படுமாயின் நினைவுப் பொருளாகப் போற்றலாம். சோதனைக்காக எடுத்தும் பார்க்கலாம். மறுமுறை வாய்க்காத காட்சியை மட்டும் காலங்கடந்த பிலிமிடம் ஒப்படைத்தல் தகாது.

காமிராவின் எல்லையையும் நோக்கவேண்டும். ஷட்டரின் மிகுந்த வேகம் 200-இல் ஒரு பங்கே உள்ள மடிப்புக் காமிராவுக்கும், ஒரே வேகமுடைய அக்பா கிளிக் 3 போன்ற பெட்டிக் காமிராவுக்கும், வெயிலில் 400 வேகம் மிகையாகும். 100 அல்லது 125 பொருந்தும். 120 என்னும் அகன்ற சுருளில் சதுரப் படம் 12-தான் கிடைக்கும் என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும். பழைய காமிரா சிலவற்றின் ஒளிமானிக்கு வேண்டிய பாதரச பாட்டரி இப்போது செய்யப்படுவதில்லை. கைப்பேசியிலுள்ள ஒளிமானி அதற்கு ஈடு செய்யும்.

இவ்வளவும் அறிந்தபின் செய்யத்தக்கது யாதெனின், ஒரே பிலிமில் மூன்று சுருள் வாங்கி, ஒவ்வொரு படத்துக்கும் துவாரமும் நேரமும் வெளிச்சமும் குறித்துவைத்து, கழுவியபின் குறிப்போடு நெகடிவை ஒப்பிட்டுப் பார்த்தலாம். சுருளுக்குச் சுருள் பிலிமை மாற்றுபவர்க்குப் பிழை தம்முடையதா, பிலிமினுடையதா என்பது தெரியவே தெரியாது. பணம் செலவிடுமுன், தம் டிஜிட்டல் காமிராவையே 400 வேகத்திலும் கறுப்பு வெள்ளையிலும் நிறுத்தி, ஒரு நாள் முழுதும் அதனை மாற்றாமல் எடுத்துப் பழகுதலும் பயன் தரும்.

இத்துணைக் கவலை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். டிஜிட்டலில் தவறிய படத்தை அப்போதே கண்டு மறுபடியும் எடுக்கலாம். பிலிமில் தவறியது பல நாள் கழித்தே புலப்படும். கைத்தறியில் அமர்ந்திருக்கும் முதிய நெசவாளரும், முற்றத்தில் இருக்கும் பாட்டியும் நமக்காக அதே வெளிச்சத்தில் மறுபடியும் அமர்வர் என்பது உறுதியன்று. அவர்களை எடுக்கும் நாளிலே பிலிமைப் பரீட்சிக்கலாகாது. நன்கு பழகிய பிலிமோடு அவர்கள்முன் செல்லுதலே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.